ஓனர்ஸ் ரிஸ்க் என்றால்... எந்த ஓனர் ஸார்?

ஆபீசில் சேர்ந்த மூன்றாவது மாதத்தில் நம் இளைஞர்கள் எல்லோரும் ஒரு கலையில் தேர்ச்சி பெற்றுவிடுகிறார்கள். தலையாட்டும் கலை!

மேனேஜர் கூப்பிட்டு, "அந்த பார்ட்டிக்கு சி.ஐ.எஃப்.ல கோட் பண்ணிடுப்பா. ஃப்ரீ டேஸ் எத்தனைன்னு லைனர்கிட்ட கேட்டுக்கோ" என்பார். நம்மாள் ஐந்து தடவை தலையாட்டுவார். சீட்டுக்குத் திரும்பியதும் பக்கத்து சீட்டு சீனியரின் காதைக் கடிப்பார். "ஸார், சி.ஐ.எஃப்.னா என்ன?" சீனியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அதெல்லாம் போகப் போகத் தெரியும்" என்பார். அவரே ஆறு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருப்பவர் என்பது இவருக்கு எப்படித் தெரியும்?

பூம்பூம் மாட்டுக்காவது தலையாட்டினால் அரிசியும் பழைய வேட்டியும் கிடைக்கும். நமக்குக் கிடைப்பது பில்!

தொழில்காரர்கள் பேசும் வார்த்தைகள் என்றாலே நமக்கு ஓர் அலர்ஜி. 'சும்மா பந்தா பண்றாங்க' என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் இதே நாம்தான் சில்லி பாயின்ட், டீப் ஃபைன் லெக், எல்.பி.டபிள்யூ. எல்லாவற்றையும் வாத்தியார் இல்லாமலே கற்றுக்கொண்டோம். எட்டாம் கிளாஸ் பையன், "லெக் ஸ்டம்ப்புக்கு வெளியில பிட்ச் ஆச்சு, எப்படி அவுட்டு?" என்று அம்பயருக்கே சட்டம் எடுத்துச் சொல்கிறான். ஏனென்றால் அந்த வார்த்தையில் ஒரு விக்கெட் இருக்கிறது.

கடன் பத்திரத்திலும், சரக்கு ரசீதிலும், இன்ஜினீயரின் டிராயிங்கிலும் உள்ள வார்த்தைகளிலும் விக்கெட் இருக்கிறது ஸார். நம்முடைய விக்கெட்!

இந்த வார்த்தைகளில் பெரும்பாலானவை மூன்றே கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன. நஷ்டம் வந்தால் யார் தலையில்? எந்த நிமிஷம் வரை? எந்த அளவுகோலில்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யார் தலையில்?

லாரி புக்கிங் ஆபீசுக்குப் போய் ஒரு பார்சல் போடுங்கள். ரசீதில் ஒரு மூலையில் 'அட் ஓனர்ஸ் ரிஸ்க்' என்று இருக்கும். 'ஓனர் பொறுப்புல அனுப்பறாங்க, பரவாயில்லையே' என்று நிம்மதியாக பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொள்கிறோம்.

எந்த ஓனர்? லாரி ஓனரா?

லாரி ஓனர் ஏன் தம்பி தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் போகிறார்? இங்கே ஓனர் என்றால் சரக்கின் ஓனர். அதாவது நீங்கள்! 'வழியில் ஏதாவது ஆனால் உன் பாடு' என்பதைத்தான் அவ்வளவு கௌரவமான இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறார்கள்.

ரயில்வேக்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் வெளிப்படை. 1989-ம் வருடத்து ரயில்வே சட்டத்திலேயே 'ஓனர்ஸ் ரிஸ்க் ரேட்', 'ரயில்வே ரிஸ்க் ரேட்' என்று இரண்டு விதமான கட்டணங்களுக்கு இடம் உண்டு. பொறுப்பை ரயில்வே ஏற்றுக்கொண்டால் கட்டணம் கூடுதல். நீங்கள் ஏற்றுக்கொண்டால் குறைவு. ஆக, 'ரிஸ்க்' என்ற வார்த்தைக்கு ஒரு விலை இருக்கிறது. குறைந்த ரேட்டைப் பார்த்து நாம் சந்தோஷப்படும் இடத்தில் அந்த வித்தியாசத்துக்கு நாமே இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆகிவிடுகிறோம்.

இதில் ஒரு ஆறுதல். 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று அச்சடித்துவிட்டதாலேயே லாரி கம்பெனி கையைக் கழுவிவிட முடியாது, அதன் அலட்சியத்தால் வந்த நஷ்டத்துக்கு அதுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போய் அதை வாங்குவதைவிட, அனுப்பும்போதே சரக்கின் மதிப்பை ரசீதில் எழுதச் சொல்லி ஒரு இன்ஷூரன்ஸும் எடுத்துவிடுவது சுலபம். மதிப்பைத் தெரிவிக்காத சரக்குக்கு எவ்வளவு பொறுப்பு என்பதற்கு, 2007-ம் வருடத்து சாலைவழிச் சரக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைக்க இடம் கொடுக்கிறது.

அதே ரசீதில் 'டு பே' என்று இன்னொரு வார்த்தை. லாரி வாடகையை, சரக்கை வாங்கிக்கொள்கிறவர் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். கல்யாணத்துக்குப் போக முடியாமல் நண்பனுக்கு கிரைண்டர் வாங்கி 'டு பே'யில் அனுப்பிவிட்டால் நட்பு எவ்வளவு நாள் நீடிக்கும் என்று சொல்ல முடியாது!

லாரியை விட்டு பாங்க்குக்கு வருவோம். இங்கே 'யார் தலையில்?' என்ற கேள்விக்கு மிகவும் விலை உயர்ந்த வார்த்தை, ஷ்யூரிட்டி.

லஞ்ச் டைமில் சக ஊழியர் வருகிறார். "ஒண்ணுமில்ல ப்ரதர், சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. இங்க ஒரு கையெழுத்து." நாமும் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போட்டுவிடுகிறோம். அவர் கட்டாவிட்டால் பாங்க் முதலில் அவரைத் துரத்தும், அவர் வீடு வாசலெல்லாம் போன பிறகு கடைசியில் நம்மிடம் வரும் என்று ஒரு நினைப்பு.

1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சரிசமம். முதலில் அவர், பிறகு நீங்கள் என்ற வரிசையே கிடையாது. பாங்க் நினைத்தால் நேராக உங்களிடமே வரலாம். 'அவர்கிட்ட முதல்ல கேளுங்க ஸார்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கடன் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறும். நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது, யாரோ வாங்கிய பைக்கின் பாக்கி உங்களுக்கு முன்னால் போய் சேர் போட்டு உட்கார்ந்திருக்கும்.

நண்பருக்கு ஜாமீன் போடக்கூடாது என்று சொல்லவில்லை. 'இந்தத் தொகையை நானே கட்ட வேண்டி வந்தாலும் வரலாம்' என்று தெரிந்து போடுங்கள். அது உதவி. தெரியாமல் போட்டால் அது விபத்து.

எந்த நிமிஷம் வரை?

இப்போது மேனேஜர் சொன்ன சி.ஐ.எஃப்.புக்கு வருவோம்.

நாடு விட்டு நாடு போகும் சரக்குக்கு விலை பேசும்போது, எந்தச் செலவு யாருடையது, ரிஸ்க் எந்த இடத்தில் கை மாறுகிறது என்று ஒவ்வொரு தடவையும் பத்துப் பக்கம் எழுத முடியாது. அதற்காகப் பாரிஸில் இருக்கும் இன்டர்நேஷனல் சேம்பர் ஆஃப் காமர்ஸ் 1936-ல் சில சுருக்கெழுத்துகளை உருவாக்கியது. இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். அவ்வப்போது திருத்துவார்கள். 2020-ம் வருடப் பதிப்பில் மொத்தம் 11 வார்த்தைகள். ஒவ்வொன்றும் மூன்றே எழுத்து. ஆனால் மூன்றெழுத்தில் மூச்சு நிற்க வைக்கும் சமாசாரம்!

எஃப்.ஓ.பி. என்றால், விற்பவர் சரக்கைக் கப்பலில் ஏற்றித் தந்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. திருப்பூர் பனியன் தூத்துக்குடியில் கப்பல் ஏறியது என்று வையுங்கள். அந்த நொடியிலிருந்து ரிஸ்க் வாங்குபவருடையது. இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும்.

சி.ஐ.எஃப்.தான் ஆளைக் கவிழ்ப்பது. ஷாங்காயிலிருந்து ஒரு மெஷின் வாங்குகிறீர்கள். விலை 'சி.ஐ.எஃப். சென்னை'. கப்பல் வாடகையும் இன்ஷூரன்ஸும் விற்பவர் செலவு. 'சென்னை வரைக்கும் அவன் பொறுப்பு' என்று நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். வழியில் மெஷினுக்கு ஏதோ ஆகிவிடுகிறது. யார் நஷ்டம்?

உங்கள் நஷ்டம்! செலவுதான் சென்னை வரை அவருடையது. ரிஸ்க், ஷாங்காயில் மெஷின் கப்பல் ஏறியபோதே உங்களிடம் வந்துவிட்டது. கல்யாண வீட்டில் பெண்ணுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது மாமனார்தான். அதற்காக மாப்பிள்ளை வீடு போய்ச் சேரும் வரை அவரே பொறுப்பு என்று சொல்ல முடியுமா? தாலி கட்டியதுமே பொறுப்பு கை மாறிவிட்டது அல்லவா?

'அதனாலென்ன, அவன்தான் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கானே' என்பீர்கள். சி.ஐ.எஃப்.பில் விற்பவர் எடுத்துத் தரக் கடமைப்பட்டிருப்பது குறைந்தபட்ச பாலிசி மட்டும்தான். கப்பல் முழுகினால், தீப்பிடித்தால், தரை தட்டினால் கிடைக்கும். பெட்டியை உடைத்து எவனாவது திருடினாலோ, கடல் தண்ணீர் உள்ளே புகுந்து துருப்பிடித்தாலோ அந்தக் குறைந்தபட்ச பாலிசியில் பைசா பெயராது. வேண்டுமென்றால் கூடுதல் பாலிசி முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்க வேண்டும். கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்!

சரி, கப்பல் பத்திரமாகச் சென்னைக்கு வந்துவிட்டது. இப்போது 'ஃப்ரீ டேஸ்'. சில நாட்கள் வரை கன்டெய்னரை சும்மா வைத்திருக்கலாம். அதற்கு மேல் மீட்டர் ஓடும். துறைமுக யார்டுக்குள் பெட்டி தங்கினால் டெமரேஜ். வெளியில் எடுத்துப்போய் சரக்கை இறக்கிவிட்டு, காலிப் பெட்டியைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தால் டிடென்ஷன். இரண்டும் வேறு வேறு. ஒன்றிலிருந்து தப்பித்தோம் என்று பெட்டியை அவசரமாக வெளியில் எடுத்து, கோடவுன் வாசலில் நிறுத்தி வைத்து, இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

ரயில்வே பாஷையில் இதே டெமரேஜுக்கு அர்த்தம் கொஞ்சம் மாறும். வாகனைக் காக்க வைத்தால் டெமரேஜ். சரக்கை இறக்கி, ரயில்வே இடத்திலேயே போட்டு வைத்தால் வார்ஃபேஜ்.

கப்பலை மொத்தமாக வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இன்னொரு வசதி. ஏற்றி இறக்க ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேல் போனால் டெமரேஜ். அதற்கு முன்பே முடித்துவிட்டால், கப்பல்காரர் உங்களுக்குப் பணம் தருவதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்வதுண்டு. சீக்கிரம் முடித்ததற்கான அந்தப் பரிசின் பெயர் டெஸ்பாட்ச்! (நம் ஆபீஸ் டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

'எந்த நிமிஷம் வரை' என்ற கேள்வியைக் கேட்காததால் நாடே மொத்தமாக ஏமாந்த வார்த்தை ஒன்று உண்டு. மொரட்டோரியம். கொரோனா சமயத்தில், 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம். பிறகு மே மாதத்தில் இன்னும் மூன்று மாதம் நீட்டித்து, ஆகஸ்ட் 31 வரை என்றார்கள்.

'ஆறு மாச டியூ தள்ளுபடி!' என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். தள்ளுபடி இல்லை ஸார், தள்ளிவைப்பு. தவணைதான் நின்றது. வட்டி நிற்கவில்லை. அது மாஸ்க் போட்டுக்கொண்டு தினமும் டியூட்டிக்கு வந்துகொண்டிருந்தது! பிறகு வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று வழக்கு நடந்து, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்தக் கூட்டு வட்டியை அரசே ஏற்றது. எந்தக் கடனுக்கும் அது கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அசல் வட்டி? அதைக் கட்டியது கடன் வாங்கியவர்கள்தான்.

எந்த அளவுகோலில்?

டூ வீலர் ஷோரூமில் வட்டமான மேஜை, ஒரு கூல் டிரிங்க், டை கட்டிய தம்பி. "12 பர்சென்ட்தான் ஸார், ஃப்ளாட்!"

'ஃப்ளாட்' என்பதை 'அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல' என்று எடுத்துக்கொள்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லட்ச ரூபாய் கடன், மூன்று வருடம், 12 சதவீதம் ஃப்ளாட். வட்டி வருடத்துக்கு 12,000. மூன்று வருடத்துக்கு 36,000. மொத்தம் 1,36,000 ரூபாயை 36 மாதத்தில் கட்ட வேண்டும். மாதம் 3,778 ரூபாய்.

அதே 12 சதவீதம், குறையும் நிலுவைக்கு மட்டும் வட்டி போடும் முறையில் என்றால் மாதம் 3,321 ரூபாய். மூன்று வருடத்துக்கு மொத்த வட்டி சுமார் 19,570 ரூபாய்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் 16,400 ரூபாய்க்கு மேல்! இரண்டிலும் பேப்பரில் இருப்பது 12. அந்த ஃப்ளாட் 12-ஐக் குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 21 சதவீதம் வருகிறது.

காரணம் சிம்பிள். இரண்டாவது வருடக் கடைசியில் நீங்கள் பெரும்பகுதி அசலைத் திருப்பிக் கட்டியிருப்பீர்கள். ஆனாலும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி போட்டுக்கொண்டிருக்கிறது ஃப்ளாட். மேன்ஷன்வாசிகளுக்குப் புரியும்படி சொன்னால், பதினைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் முப்பது நாள் சாப்பாட்டுக்கு பில் போடும் மெஸ் மாதிரி!

இதற்கு ஒரு மருந்து வந்திருக்கிறது. 2024 அக்டோபர் 1-லிருந்து தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் புதிதாகக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு, பாங்க்குகளும் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற தகவல் தாளைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வட்டி, பிராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதுதான் அது. ஷோரூம் தம்பி என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே, "ஏ.பி.ஆர். எவ்வளவு தம்பி?" என்று கேளுங்கள். கூல் டிரிங்க் கொஞ்சம் சூடாகிவிடும்.

அளவுகோல் விஷயத்தில் மகா குறும்புக்கார வார்த்தை ஒன்று உண்டென்றால் அது டன்.

ஒன்றரை டன் ஏசி என்கிறோம். ஒரு யானைக்குட்டி அளவு கனமுள்ள பெட்டியை இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிப் போகிறார்களே, எப்படி? அங்கே டன் என்பது எடை இல்லை, குளிர்விக்கும் வேகம். ஐஸை வைத்துக் குளிர்வித்த காலத்து மிச்சம். ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்துக்குப் பெயர் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யு. அல்லது சுமார் மூன்றரை கிலோவாட்.

கப்பலின் 'கிராஸ் டன்னேஜ்' என்பதும் எடை இல்லை. உள்ளே எவ்வளவு இடம் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் எண். ஒரு காலத்தில் கப்பலில் எத்தனை ஒயின் பீப்பாய் கொள்ளும் என்று எண்ணிய வழக்கத்திலிருந்து வந்தது. பீப்பாயின் பெயர் டன்!

கன்டெய்னரில் கொஞ்சம் இடம் மட்டும் எடுத்துச் சரக்கு அனுப்பினால், ஆயிரம் கிலோ அல்லது ஒரு கன மீட்டர், எது அதிகமோ அதற்குக் காசு. விமானத்தில் 6,000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோ என்று கணக்குப் போடுவது வழக்கம். 60-க்கு 50-க்கு 40 சென்டிமீட்டர் பெட்டியில் தெர்மோகோல் பொம்மை அனுப்புகிறீர்கள். தராசில் 6 கிலோ. பில்லில் 20 கிலோ. 'தராசு தப்பு' என்று சண்டைக்குப் போகாதீர்கள். மீதி 14 கிலோ காற்று. அதற்கும் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னொரு அளவுகோல். நம்ம ஊர்க் கம்பி கட்டுபவர், "நாலு நூல் கம்பி ரெண்டு டன் வாங்கிடுங்க ஸார்" என்பார். இன்ஜினீயர் டிராயிங்கில் 12 எம்.எம். என்று இருக்கும். எட்டு நூல் ஒரு அங்குலம். அப்படியானால் நாலு நூல் அரை அங்குலம், 12.7 எம்.எம். கடையில் கிடைப்பது 12. 'இம்மாத்தூண்டு வித்தியாசம்தானே' என்று தோன்றும். கம்பியின் பலம் அதன் குறுக்குப் பரப்பில் இருக்கிறது. அந்தக் கணக்கில் வித்தியாசம் 12 சதவீதம். ஆகவே மேஸ்திரியிடம் நூலில் பேசினாலும், கடை பில்லில் எம்.எம். பார்த்து வாங்குங்கள். டிராயிங்கில் இருப்பதுதான் வேதம்.

அளவுகோல் குழம்பினால் எதுவரை போகும் என்பதற்கு ஒரு நிஜக் கதை. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புத்தம் புது போயிங் 767 விமானம், 69 பேருடன் 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு இன்ஜின் நின்றது. சிறிது நேரத்தில் இன்னொன்றும். பெட்ரோல் காலி!

கனடா அப்போது பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். விமானத்தின் எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை. எனவே குச்சி விட்டு லிட்டரில் அளந்து, கணக்குப் போட்டு நிரப்பினார்கள். ஒரு லிட்டரின் எடைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட எண் 1.77. அது பவுண்டுக்கான எண். கிலோவில் என்றால் 0.8. வேண்டியது 22,300 கிலோ. இருந்ததோ ஏறக்குறைய 22,300 பவுண்டு. பாதிகூட இல்லை!

கேப்டன் பாப் பியர்சனுக்கு இன்ஜினே இல்லாத கிளைடர் ஓட்டிப் பழக்கம் இருந்தது. பிரம்மாண்டமான விமானத்தைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானத் தளத்தில் இறக்கினார். அங்கே அன்று கார் ரேஸ் நடந்துகொண்டிருந்தது! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. '1.77-ன்னா எதுல? கிலோவுலயா, பவுண்டுலயா?' என்று யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்திருந்தால் இந்த சாகசமே தேவைப்பட்டிருக்காது.

ஒரே வார்த்தை, ரெண்டு ஊர்!

சில வார்த்தைகள் இடம் மாறினால் கட்சி மாறிவிடும்.

ஃபோர்குளோஷர்: அமெரிக்காவில் இந்த வார்த்தையைச் சொன்னால் குடும்பமே அழும். கடன் கட்டாதவரின் வீட்டை பாங்க் எடுத்துக்கொள்வது. நம்மூர் பாங்க்கில் இதே வார்த்தைக்கு லட்டு வாங்கிக் கொடுப்பார்கள். கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது!

கிரெடிட்: அக்கவுன்டன்ஸி கிளாஸில், பணம் உள்ளே வந்தால் டெபிட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சம்பள நாளன்று பாங்க் அனுப்பும் மெசேஜோ, 'கிரெடிட்' என்கிறது. வாத்தியாரும் சரி, பாங்க்கும் சரி. பாஸ்புக் என்பது பாங்க்கின் நோட்டில் உங்கள் பக்கத்தின் நகல். அவர்கள் நோட்டில் அது உங்களுக்குத் தர வேண்டிய கடன். ஆமாம், ஒன்றாம் தேதியன்று பாங்க் உங்களிடம் கடன்காரன். (பத்தாம் தேதிக்குள் அடைத்துவிடுகிறோம் என்பது வேறு விஷயம்.)

ஆவரேஜ்: நமக்கு இது டெண்டுல்கர் சமாசாரம். கப்பலில் 'ஜெனரல் ஆவரேஜ்' என்றால் வேறு. எல்லோருடைய நன்மைக்காக ஒருவர் பட்ட நஷ்டத்தை, கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது. புயலில் கப்பலைக் காப்பாற்ற உங்கள் மூட்டையைக் கடலில் எறிந்தால், மற்ற மூட்டைக்காரர்கள் உங்களுக்குப் பங்கு தர வேண்டும். பழைய ரோமானியச் சட்டத்திலேயே இருந்த நியாயம் இது. 2021 மார்ச் 23-ல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட 400 மீட்டர் நீளக் கப்பல் எவர் கிவனை ஞாபகம் இருக்கிறதா? ஆறு நாள் கழித்து மிதந்தது. அதன் பிறகு கப்பலின் சொந்தக்காரர்கள் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். அதில் 18,000-க்கும் அதிகமான பெட்டிகள். தன் பெட்டியில் ஒரு கீறல்கூட விழாத வியாபாரியும், மீட்புச் செலவில் தன் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் பெட்டியைத் தொட முடியும் என்றானது. இன்ஷூரன்ஸ் இருந்தவருக்குக் கம்பெனி கையெழுத்துப் போட்டது. இல்லாதவர் பணமாகவே கட்ட வேண்டிய நிலை!

நாமும் கொடுத்திருக்கிறோம்!

இதெல்லாம் வெள்ளைக்காரன் வார்த்தை என்று ஒதுங்க வேண்டாம். உலகமே கட்டமரன் என்று சொல்லும் படகு, நம் மீனவரின் கட்டுமரம்தான். 'கோடவுன்' இன்னும் சுவாரஸ்யம். ஆங்கிலத்துக்கு அது மலாய் மொழியின் குடாங்கிலிருந்து போனது. மலாய்க்கோ, தமிழ் 'கிடங்கு', தெலுங்கு 'கிட்டங்கி' வழியாகப் போயிருக்க வேண்டும் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். கிடங்கு என்று கடலுக்கு அந்தப் பக்கம் போனது, கோட் சூட் போட்டுக்கொண்டு கோடவுனாகத் திரும்பி வந்திருக்கிறது!

கடைசியாக ஒரு யோசனை...

அகராதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் புரியாத வார்த்தை எதிரே வந்தால், பேனாவை மூடிவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். "ஏதாவது ஆச்சுன்னா யார் தரணும்? எப்பலேருந்து எதுவரைக்கும்? இந்த நம்பர் எதுல - கிலோவா, பவுண்டா, ஃப்ளாட்டா?"

எதிரே இருப்பவர், 'இதுகூடத் தெரியாதா?' என்பது போல ஒரு பார்வை பார்க்கலாம். பார்க்கட்டும். பாதிப் பேருக்கு நீங்கள் கேட்ட பிறகுதான் தங்களுக்கும் தெரியாது என்பது தெரியவரும். தெரிந்தவராக இருந்தால் சந்தோஷமாகச் சொல்லித் தருவார். தொழில் தெரிந்தவனுக்குத் தன் தொழில் வார்த்தையை விளக்குவதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

உலகத்தில் எல்லாவற்றுக்கும் சர்வீஸ் சார்ஜ் வந்துவிட்டது. "அப்படின்னா என்ன ஸார்?" என்ற கேள்வி ஒன்றுதான் இன்னும் ஃப்ரீ. ஜி.எஸ்.டி.கூட இல்லை!